சாப்பாட்டு நேரத்தில் கவுண்டரில் தகராறு! குடையை ஓங்கிய மூதாட்டி. சரிந்து விழுந்த கிளார்க்

எழுமலை.

"ஆபீசில அடிதடிண்ணே. கிளார்க்கை ஒரு கிழவி குடையால அடிச்சிருச்சாம். வெரசா வாங்க" என்று போன் வந்தது.

அப்போது மணி மதியம் இரண்டாகப் பத்து நிமிடம். நான் எழுமலையில்தான் இருந்தேன். குடிதண்ணீர்க் குழாய் சம்பந்தமான ஒரு செய்திக்காக உசிலம்பட்டியில் பஸ் மாறி வந்திருந்தேன். காலையில் குடித்த இரண்டு டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. ஓட்டலில் இலை போட்டாகிவிட்டது. ஆனால் அடிதடி என்றால் நிருபருக்குப் பசி ஏது? இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. கிளார்க்கின் பெயரும் வேண்டாம். மூதாட்டியின் பெயரும் வேண்டாம். முழுக்கப் படித்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

கூட்டம் கூடியது

போய்ப் பார்த்தால் வாசலில் முப்பது, நாற்பது பேர். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். "கெட்ட வார்த்தை பேசினான்" என்றார் ஒருவர். "கிழவி மேல கை வச்சுட்டான்" என்றார் இன்னொருவர். "தண்ணி போட்டிருக்கான்யா, ஆளு தள்ளாடுறான் பாரு" என்றார் மூன்றாமவர்.

எட்டிப் பார்த்தேன். கவுண்டருக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கிளார்க் நாற்காலிக்குக் கீழே சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. கண் திறந்திருந்தது. ஆனால் பேச்சு குழறியது. பார்த்தால் குடித்தவர் மாதிரிதான் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மனசுக்குள் தலைப்புக்கூட போட்டுவிட்டேன்.

நல்லவேளை, எதிர்க்கடை டீ மாஸ்டர் உள்ளே வந்தார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "யோவ், இது தண்ணி இல்லய்யா. சுகர் இறங்கிருச்சு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் வரும்" என்று கத்தினார். திரும்பி ஓடினார். ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

பத்து நிமிடம். வியர்வை நின்றது. கிளார்க் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "என்ன சார், ஏன் இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார்.

அரை மணி நேரமாக ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை!

நடந்தது இதுதான்

அந்த ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய கவுண்டர். அன்று ஒருவர் லீவு. கிளார்க் காலை ஏழரைக்கு இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். பத்து மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒன்றரை ஆனது. வெளியே இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். "வெயில்ல நிக்கிறாங்களே, முடிச்சுட்டே சாப்பிடுவோம்" என்று தொடர்ந்திருக்கிறார். டிபன் பாக்ஸ் மேஜை டிராயருக்குள்ளேயே இருந்தது.

ஒன்றேமுக்காலுக்கு மேல் அவர் போக்கு மாறியிருக்கிறது. ஒரே படிவத்தை மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். காரணமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார். அப்போதுதான் மூதாட்டியின் முறை வந்தது. பதினோரு மணியிலிருந்து நிற்கிறவர். பேப்பரை நீட்டினார். கிளார்க் படாரென்று ஜன்னலைச் சாத்தி, ஏதோ கத்தினார். மூதாட்டிக்கு ஆத்திரம். கையில் இருந்த குடையால் ஜன்னலில் ஓங்கி ஒரு அடி. ஜன்னலில்தான் அடித்தார், ஆள் மேல் படவே இல்லை. உள்ளே எழுந்த கிளார்க் அப்படியே சரிந்தார்.

வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "சாப்பிடப் போறதுக்காகக் கிழவி மூஞ்சியில ஜன்னலைச் சாத்திட்டான்." உண்மை அதற்கு நேர் எதிர். அவர் சாப்பிடப் போகாததால் வந்த வினை அது.

விவரம் தெரிந்ததும் அந்த மூதாட்டி கிளார்க் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாப்பிடாமயா இருந்துச்சு இந்தப் புள்ள? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மரத்தடியில உக்காந்திருப்பேனே" என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா அப்பத்தா?" என்று கேட்டேன். "நான் எங்கய்யா சாப்பிட்டேன்? முறை போயிரும்ல" என்றார்.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு வயிறு, வெளியே ஒரு வயிறு. இரண்டும் காலி.

சர்க்கரை செய்யும் வேலை

சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுவதுதான் எல்லோருக்கும் தெரியும். இறங்குவது அதைவிட ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. மாத்திரையில் பல வகை உண்டு. சில வகை மாத்திரையும் இன்சுலின் ஊசியும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் இறக்குவதற்குச் சர்க்கரை மிச்சம் இருக்காது.

அளவு 70-க்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம் என்று கணக்கு. முதலில் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. பிறகு மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரை போதாமல் குழப்பம், காரணமில்லாத கோபம், குழறல். இன்னும் இறங்கினால் மயக்கம், வலிப்பு. உயிரே போகலாம். குடித்தவர் என்று தப்புக்கணக்குப் போட்டு ரோட்டோரம் விட்டுப் போவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

டீ மாஸ்டர் செய்தது சரியான வைத்தியம். நினைவு இருந்தால் மூன்று கரண்டி சீனி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்தவுடன் சாப்பாடு. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-க்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

இது யாரோ ஒருவருடைய கதை என்று நினைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாடு முழுவதும் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். அப்படியானால் 20 பேர் வேலை பார்க்கும் ஆபீசில் இரண்டு, மூன்று டிபன் பாக்ஸ் நேரத்துக்குத் திறந்தே ஆக வேண்டிய டிபன் பாக்ஸ்!

அல்சர் பயம்

மறுநாள் எழுமலைக் கடைத்தெருவில் ஒரு சுற்று வந்தேன். "மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" இதுதான் கேள்வி. கேட்டவுடன் எல்லோருமே சிரித்தார்கள்.

"கல்லாவை விட்டு எந்திரிச்சா யாவாரம் போச்சு தம்பி. மூணு மணியோ, மூணரையோ, கூட்டம் குறையிறப்ப" என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. இருபது வருடப் பழக்கமாம். "அல்சர் இருக்கு. மாத்திரை போட்டுக்கிறேன்" என்றும் சொன்னார், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி.

நேரம் தவறிச் சாப்பிட்டால் அல்சர் வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணம் ஒரு கிருமி. ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று நோயை வரவழைத்துக்கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது காரணம் வலி மாத்திரை. பட்டினி புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே புண் இருந்தால் வெறும் வயிற்றில் சுரக்கும் அமிலம் அதில் பட்டு எரியும். அதன் மேல் டீயும் சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அண்ணாச்சிமாரே, பசியைப் பழி சொல்லி உட்கார்ந்திருக்காமல் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். மருந்து இருக்கிறது. இரண்டு வாரம்தான்.

கடைப் பையன்கள் கதை வேறு. முதலாளி சாப்பிட்டு வந்தால்தான் அவர்களுக்கு. பொட்டலத்தைப் பிரித்து, மூட்டை அடுக்கிய அறையில் குத்த வைத்துப் பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஒரு பையன் எலுமிச்சைச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டான். "உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுண்ணே" என்றான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பையன்களுக்காகச் சட்டம் ஒன்று இருக்கிறது. புதுசு அல்ல. நாடு சுதந்திரம் அடைந்த 1947-ம் வருடத்திலேயே வந்தது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று பெயர். அதன்படி கடை ஊழியரைத் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அரை மணி அல்ல, ஒரு மணி! தனியார் ஆபீஸ்களுக்கும் இதே கணக்குதான். எந்தக் கடைக்காரரிடம் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்கிறார்.

அரசு ஆபீஸ்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அரசு உத்தரவுதான் சட்டம்.

1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு என்று வைத்தது. 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கேண்டீன் என்றும், 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பிட அறை என்றும் சொன்னது. சாப்பாட்டு அறை இருக்கும் இடத்தில், வேலை செய்யும் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றுகூட எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது.

கேண்டீன் வந்த கதையே சுவாரசியம். முதல் உலகப்போர் சமயம். பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைகளில் ராத்திரி பகலாக வேலை. ஆட்கள் சோர்ந்து விழுந்தார்கள், விபத்து கூடியது. 1915-ல் அரசு ஒரு கமிட்டி போட்டது. ஆளுக்குச் சூடான சாப்பாடு போடு, வேலை நேரத்தைக் குறை என்றது கமிட்டி. நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி குறையவில்லை என்று கண்டார்கள். சில இடங்களில் கூடவே செய்தது. தொழிலாளி மேல் இரக்கப்பட்டு வந்ததல்ல கேண்டீன். குண்டு கூடுதலாக வேண்டும் என்று வந்தது!

நம் மாநிலத்திலும் 2023-ல் ஒரு கூத்து நடந்தது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல்-அமைச்சர் அறிவித்தார். அதற்கு முன்பு 2021-ல் கடை ஊழியர்கள் உட்கார்வதற்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு அது பெரிய விஷயம். ஸ்டூல் வந்துவிட்டது. அதில் உட்கார விடுகிறார்களா என்று அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேசியபோது சாப்பாட்டைவிடத் தண்ணீர்ப் பேச்சுதான் அதிகம் வந்தது. "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் தம்பி. இங்க பாத்ரூம் இருக்கிற லட்சணத்துக்கு..." என்று ஒரு அக்கா பாதியில் நிறுத்தினார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும் வரை அரை பாட்டில்தான் குடிப்பாராம். நம் பக்கம் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீரில் தொற்று, தலைவலி எல்லாம் வரும். வந்திருக்கிறது. கேட்ட நான்கு பேரில் மூன்று பேருக்கு.

மதிய இடைவேளை என்றால் ஆண்களுக்குச் சாப்பாடு, ஒரு டீ, ஒரு அரட்டை. பக்கத்தில் வீடு இருக்கும் பெண்களுக்கு அந்த அரை மணியில் வீட்டுக்கு ஓடி, மாமியாருக்குச் சோறு போட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடி வருவது. அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் யாரோ!

டிபன் பாக்ஸில் இன்னொரு சங்கதி. காலை ஆறரைக்கு வடித்த சோற்றைச் சூட்டோடு அடைத்து மூடினால், மதியம் இரண்டுக்குத் திறக்கும்போது ஏழரை மணி நேரம். மே மாத வெயிலில் சாம்பார் சாதம் நூல் விட்டு நொதித்துவிடும். சோற்றில் இருக்கும் ஒரு கிருமி கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் பெருகும். வாந்தியும் பேதியும் அதனால்தான். நம் வீட்டுக் கிழவிகள் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியது நாக்கு ருசிக்காக மட்டும் அல்ல. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள புளிப்பு கிருமியை அடக்கும். தயிர்ச்சோறும் அப்படியே.

இரண்டு மணித் தூக்கம்

சாப்பிடாவிட்டால் சண்டை. சாப்பிட்டால்? தூக்கம்!

மதியம் சொக்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் அல்ல. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ராத்திரி ஒரு முறையும், மதியம் இரண்டு மணி வாக்கில் ஒரு முறையும் ஆளை இறக்கும். சாப்பிடாதவருக்கும் கொஞ்சம் சொக்கும். அதன் மேல் ஒரு மலை சோற்றை வைத்தால் கேட்க வேண்டுமா? சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நான்கு தடவை சோறு வாங்கும் ஊர் நம்முடையது. இந்தியர் சாப்பாட்டில் சக்தியில் 100-க்கு 62 பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச் சத்திலிருந்துதான் வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சர்க்கரை விறுவிறு என்று ஏறும். பிறகு இறங்கும். கண்ணும் அதோடு இறங்கும்.

தூக்கக் கலக்கத்தில் நடக்கும் வாகன விபத்துகள் விடியற்காலையில் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்தபடி அதிகம் நடப்பது பகல் இரண்டிலிருந்து நான்குக்குள். வெளிநாட்டு ஆய்வுகளெல்லாம் இதைச் சொல்கின்றன. விபத்துச் செய்தி எழுதப் போகிறவன் என்ற முறையில், பட்டப்பகலில் ஆளில்லா ரோட்டில் புளியமரத்தில் மோதிய லாரியை நான் பார்த்திருக்கிறேன்.

பரிகாரம் பெரிதல்ல. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, காய், பருப்பு, முட்டையில் அதைக் கூட்ட வேண்டும். சாப்பிட்டவுடன் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறுவது குறைகிறது. வெயிலில் அல்ல, வராந்தாவில் நடந்தாலே போதும். கண்ணை மூடிச் சாயலாம் என்றால் இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் எழுந்த பிறகும் மந்தம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானிகளை வைத்துச் சோதித்தது. சராசரி 26 நிமிடம் தூங்கி எழுந்த விமானிகள் தூங்காதவர்களைவிட விழிப்பாக இருந்தார்கள். ஆனால் நம் ஆபீசில் யாராவது கண்ணை மூடினால் போதும், மறுநாள் வாட்ஸ்அப்பில் அவர் படம் ஊர் சுற்றும்!

நீதிபதிக்கும் பசிக்கும்

கோர்ட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி நம்ம கேஸ் வரக்கூடாதுப்பா." வெறும் சகுனம் என்று நினைத்தேன். 2011-ல் இஸ்ரேலில் இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 8 நீதிபதிகள். சிறையிலிருந்து முன்கூட்டி விடுதலை கேட்ட மனுக்கள் மீது 1,112 முடிவுகள். காலையில் உட்கார்ந்தவுடன் 100-க்கு 65 மனுவுக்குச் சாதகமான முடிவு. நேரம் போகப் போகக் குறைந்து, இடைவேளைக்கு முன்பு கிட்டத்தட்ட பூஜ்யம். சாப்பிட்டு வந்தவுடன் மறுபடி 65!

உலகம் முழுக்க இது பெரிய செய்தி ஆயிற்று. உடனே மறுப்பும் வந்தது. வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்களைக் கடைசியில் எடுப்பது அங்கே வழக்கம், அதனால்தான் கடைசியில் தோல்வி அதிகம் என்றார்கள். நியாயமான மறுப்புதான். பசி முழுக் குற்றவாளி இல்லை. ஆனால் எழுமலைக் கவுண்டரைப் பார்த்த பிறகு பசிக்கு முழு விடுதலை கொடுக்க எனக்கு மனம் இல்லை.

மூன்று நிமிடத்துக்குத் தண்டனை

ஜப்பானில் கோபே நகரத்தில் 2018-ல் நடந்தது இன்னொரு வேடிக்கை. குடிநீர்த் துறையில் 64 வயது ஊழியர் ஒருவர். சாப்பாட்டு நேரத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் முன்னதாகவே எழுந்து, பக்கத்துக் கடைக்குச் சாப்பாடு சொல்லப் போய்விடுவார். ஏழு மாதத்தில் 26 முறை போனார். மேலதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அரைநாள் சம்பளம் கட். அதோடு விட்டார்களா? அதிகாரிகள் டெலிவிஷனில் தலைகுனிந்து மக்களிடம் மன்னிப்பும் கேட்டார்கள். "மூன்று நிமிடத்துக்கா?" என்று ஜப்பான் ஜனங்களே சிரித்தார்கள்.

பிரான்சில் நேர் எதிர். வேலை செய்யும் இடத்தில் சாப்பிடுவதற்கே அங்கே சட்டத்தில் தடை. எழுந்து போய்த்தான் சாப்பிட வேண்டும். 2021 பிப்ரவரியில் கொரோனாவுக்காகத்தான் அந்தத் தடையைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

இதைச் சொன்னால் நம் வாசகர்கள் விடுவார்களா? "மூணு நிமிசமா? எங்க ஊர்ல ஒன்றரைக்குப் போன ஆளு மூன்றரைக்கு வெத்தலையை மென்னுக்கிட்டு வர்றாரு, அதை எழுதுய்யா" என்பீர்கள். எழுதுகிறேன். அதுவும் உண்மை. "சார் லஞ்சுக்குப் போயிருக்காரு" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நம் ஜனங்களுக்கு லஞ்ச் என்றாலே லஞ்சம் மாதிரி காதில் விழுகிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்சுக்குக் காசு கொடுத்து வந்தவருக்கு, பூட்டிய ஜன்னலைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். இரண்டு மணி நேரம் போகிறவர் செய்யும் பாவத்துக்கு, அரை மணிகூடப் போகாதவர் அடி வாங்குகிறார்.

பள்ளிக்கூடத்தில் தெரிந்தது

இதில் எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை இந்த மாநிலம்தான் நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவு போட்டார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அதைத் தொடங்கியதே நம் மதுரையில், சிம்மக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான். 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் போட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பையனின் வயிற்றுக்கும் தலைக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்த நமக்கு, ஐம்பத்து மூன்று வயது கிளார்க்குக்கும் அதே சம்பந்தம்தான் என்பது தெரியாமல் போனது எப்படி?

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாலைப் பத்திரிகைக்காரனுக்கு மதியம் ஏது? எல்லோரும் இலை போடும் நேரத்தில்தான் எங்களுக்குப் பேப்பர் மெஷினில் ஏறும். அன்று எழுமலையில் விட்டு வந்த இலையில் நான் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது நாலரை மணி. சோறு இல்லை. பரோட்டாதான் இருந்தது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, அதனால் தாங்குகிறது.

போர்டு எழுதினார்கள்

போன வாரம் மறுபடி எழுமலை போனேன். அந்த ஆபீஸ் பக்கமும் எட்டிப் பார்த்தேன். மணி ஒன்றே முக்கால். கவுண்டர் திறந்திருந்தது! வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நம்ம ஆள் உள்ளே பெஞ்சில் பாக்ஸைத் திறந்து வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் ஒன்று முதல் ஒன்றரை, மற்றவர் ஒன்றரை முதல் இரண்டு என்று முறை வைத்துக்கொண்டார்களாம். புது ஆள் யாரும் வரவில்லை. செலவும் இல்லை. ஒருவர் லீவு போட்டால் மட்டும் ஒன்றரைக்கு ஜன்னலைச் சாத்துவது என்று முடிவு. அன்றைக்கு வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். முறை போகாது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

"டிராயரில இப்ப எப்பவும் நாலு மிட்டாய் கிடக்கும் சார்" என்று இழுத்துக் காட்டினார். டாக்டரிடம் போய் மாத்திரை அளவையும் மாற்றிக்கொண்டாராம். "அந்தப் பாட்டி வந்தாங்களா?" என்று கேட்டேன். பேப்பர் அன்றைக்கே முடிந்து கையில் கொடுத்தாயிற்றாம். பிறகு ஒரு நாள் ஆபீஸ் வழியாகப் போனபோது ஜன்னல் பக்கம் வந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.

வாசல் பக்கம் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். யாருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று சாக்பீசால் எழுதியிருக்கிறது. தண்ணீர் பட்டால் அழிந்துவிடும். பெயிண்டில் எழுத அனுமதி கேட்டு மேலே எழுதிப் போட்டிருக்கிறார்களாம். பதில் இன்னும் வரவில்லை.

வெளியே நிற்பவர்களுக்கு நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. அதற்கும் சேர்த்து எழுதிப் போடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.